தரணி: வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு ஒரு வரைபடம்

தாயின் வயிற்றில் நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையே மனித மூளை எப்படி வளர்கிறது என்பதை உயிரணு அளவில் காட்டும் முப்பரிமாண வரைபடத் தொகுப்பு தரணி. சென்னை ஐஐடியில் இயங்கும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இதை உருவாக்கி 2024 டிசம்பர் 10 அன்று வெளியிட்டது. 14 முதல் 24 வாரம் வரை வளர்ந்த ஐந்து கருமூளைகளின் 5,132 சீவல்கள் இதில் உள்ளன. 500க்கும் மேற்பட்ட மூளைப் பகுதிகள் அடையாளம் காணப்பட்டுப் பெயரிடப்பட்டுள்ளன. ஆய்வாளரோ மாணவரோ, யார் வேண்டுமானாலும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் வாயும் வயிறுமாக இருக்கும் பெண்ணைப் பார்த்தால் அக்கம்பக்கத்தார் தவறாமல் கேட்பது, ‘அஞ்சாம் மாச ஸ்கேன் எடுத்தாச்சா?’ அதற்காக அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கும். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் அந்த ஸ்கேனில் மருத்துவர் பிள்ளையின் தலைச் சுற்றளவை அளக்கிறார், சிறுமூளையைப் பார்க்கிறார், மூளைக்குள் நீர் நிற்கும் அறைகளின் அகலம் 10 மில்லிமீட்டரைத் தொடுகிறதா என்று கவனிக்கிறார். தொட்டுவிட்டால், ‘தலையில் நீர் கோத்திருக்கிறது’ என்ற பேச்சு வீட்டுக்கு வந்து சேர்கிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அந்த ஸ்கேனின் ஒலியலை காட்டுவது சாம்பல் நிற நிழல் மட்டுமே. எந்த அணு எங்கே நிற்கிறது, எது இடம் தவறியிருக்கிறது என்பதெல்லாம் அந்த நிழலில் தெரியாது. தரணி திறந்து காட்டுவது ஏறக்குறைய அதே வாரங்களின் மூளையைத்தான். அதனாலேயே இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் விஷயம் அல்ல.

மூளையின் வரலாற்றில் இவை கனமான வாரங்கள். நரம்புக் குழாய் மூடுவது இதற்கு வெகு முன்பே, கரு உண்டான 28 நாளுக்குள் முடிந்துவிடும். போலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது அதை முன்னிட்டுத்தான். அதன் பிறகு பெரிய இடப்பெயர்ச்சி ஒன்று நடக்கிறது. மூளையின் நடுவிலுள்ள நீரறைகளின் சுவரோரம் நரம்பணுக்கள் பிறக்கின்றன. பிறந்த இடத்திலேயே அவை தங்குவதில்லை. நெடுக நீண்டு நிற்கும் துணையணு இழைகளைப் பற்றிக்கொண்டு, கொடி பந்தலேறுவதுபோல் மூளையின் மேலுறையான புறணியை நோக்கி ஏறுகின்றன. முன்னால் வந்தவை அடியில் தங்க, பின்னால் வந்தவை அவற்றைக் கடந்து மேலே போய் அமர்கின்றன. புறணியின் அடுக்குகள் உள்ளிருந்து வெளிநோக்கி எழும்புவது இப்படித்தான். வழியில் தேங்கிப்போன அணுக்கூட்டம் பின்னாளில் வலிப்புக்குக் காரணமாகலாம். 14ஆம் வாரத்தில் மூளையின் மேற்பரப்பு ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். 24ஆம் வாரத்தில் முக்கிய மடிப்புகள் சில விழத் தொடங்கியிருக்கும். அணுக்கள் பிறக்கும் அந்தச் சுவரோரப் பகுதியின் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. குறைமாதக் குழந்தைகளுக்கு மூளையில் ரத்தம் கசிவது பெரும்பாலும் அங்கேதான்.

இவ்வளவையும் கண்ணுக்குக் கொண்டுவர எடுத்த முயற்சி சாதாரணமானதல்ல. பிழைக்காமல் போன கருவின் மூளை, பெற்றோரின் ஒப்புதலோடு ஆய்வுக்கு வருகிறது. இதில் சென்னையின் மெடிஸ்கேனும் சவீதா மருத்துவக் கல்லூரியும் துணைநின்றன. மூளையை முதலில் எம்ஆர்ஐ படம் எடுக்கிறார்கள். பிறகு உறையவைத்து 20 மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் இப்படி மூன்று நான்கு சீவல்கள் அடங்கிவிடும். கருமூளையில் நீர் அதிகம், இளநுங்குபோல் நெகிழக்கூடியது. சீவல் கிழியாமலும் சுருங்காமலும் கண்ணாடிக்கு மாற, ஒட்டுநாடா ஒன்றின் உதவியை நாடுகிறார்கள். நிஸில் சாயமும், நோயியல் கூடங்களில் அன்றாடம் புழங்கும் ஹெமாடாக்சிலின்-இயோசின் சாயமும் ஏற்றியதும் அணுக்கள் தனித்தனியே தெரிகின்றன. ஒவ்வொரு கண்ணாடியையும் நுண்ணோக்கி ஸ்கேனர் படமாக்க, கணினி அவற்றை வரிசைப்படி அடுக்கி, எம்ஆர்ஐ படத்தோடு ஒப்பிட்டு மீண்டும் முழு மூளையாக்குகிறது. மூளை உருவில் எலுமிச்சை அளவாக இருந்தாலும் தரவு மலையளவு சேர்கிறது. சீவும் கைத்திறனும் கணினிப் பொறியியலும் ஓரிடத்தில் கூடியதுதான் இந்த மையத்தின் பலம் என்பேன்.

மூளைக்கு வரைபடம் போடும் ஆசை பழையது. ஜெர்மனியின் கோர்பினியன் பிராட்மன், சாயமேற்றிய சீவல்களைப் பார்த்தே புறணியைப் பகுதிகளாகப் பிரித்து எண்ணிட்டு 1909இல் வெளியிட்டார். அந்த எண்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. மண்டையோட்டைத் திறக்காமல் உள்ளே பார்க்கும் சிடி ஸ்கேன் 1971இல் லண்டனில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக எடுக்கப்பட்டது. ரத்த ஓட்ட மாற்றத்தை வைத்து மூளையின் வேலையை ஊகிக்கும் எம்ஆர்ஐ முறைக்கு 1990இல் ஜப்பானியரான செய்ஜி ஒகாவா வழிகாட்டினார். பத்திரிகைகளில் சிவப்பும் மஞ்சளுமாக வரும் மூளைப் படங்கள் இந்த வகை. அவை எண்ணத்தின் புகைப்படம் அல்ல, ரத்த ஓட்டத்தின் கணக்கு. 2013இல் யூலிஷ், மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 65 வயதுப் பெண்மணி ஒருவரின் மூளையை 7,404 சீவல்களாக்கி ‘பிக்பிரெய்ன்’ என்ற வரைபடத்தைத் தந்தார்கள். அது வளர்ந்து முடிந்த மூளை. வளரும் மூளைக்கு அமெரிக்காவின் ஆலன் நிறுவனம் முன்பே வரைபடம் வெளியிட்டிருக்கிறது. ஆனால் இத்தனை வாரங்களை இத்தனை நுட்பத்தோடு முப்பரிமாணத்தில் கோத்துத் தந்ததில் தரணி முந்திச் செல்கிறது.

தரணியை உருவாக்கிய மூளை மையம் 2022 மார்ச்சில் தொடங்கியது. இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரும் ஐஐடியின் பழைய மாணவருமான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பத்தின் கொடை அதற்கு அடித்தளம். தலைவர் பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ருமேனியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் அறிஞர்களும் இந்திய மருத்துவர்களும் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள். ஆய்வு ‘ஜர்னல் ஆஃப் கம்பாரட்டிவ் நியூராலஜி’ என்ற, 1891 முதல் வரும் இதழில் வெளியானது. மேலை நாடுகளில் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக முடித்ததாக ஐஐடி சொல்கிறது.

எல்லைகளையும் சொல்ல வேண்டும். ஐந்து மூளைகள் மனித இனம் முழுவதற்கும் சான்றாகிவிடாது. சீவிய மூளை அமைப்பைக் காட்டும். அது இயங்கிய விதத்தைக் காட்டாது. எந்த நோய்க்கும் இது நேரடி மருந்தும் அல்ல. இயல்பான மூளை 17ஆம் வாரத்தில் எப்படி இருக்கும், 22ஆம் வாரத்தில் எப்படி இருக்கும் என்ற அளவுகோலைத்தான் தருகிறது. இயல்பு எது என்று தெரிந்தால்தான் பிறழ்வைப் பிறழ்வென்று உறுதியாகச் சொல்ல முடியும். அதே உறுதியோடு, ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்றும் சொல்ல முடியும். சொந்தத்துக்குள் பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் வழக்கம் விடாத நம் கரிசல் ஊர்களில், பரம்பரையாக வரும் மூளைக் கோளாறுகளைக் கருவிலேயே கண்டறிவது கூடுதல் முக்கியம். சிறு நகர ஸ்கேன் மையங்களில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களுக்கு இந்த வரைபடத்தைப் படிக்கப் பயிற்சி தருவது அரசு மருத்துவக் கல்லூரிகளின் அடுத்த வேலையாக வேண்டும். 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் கல்லூரி அதைத் தொடங்கிவைக்கலாம்.

வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அஞ்சாம் மாச ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். 20 வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். தலையில் நீர் என்று சொன்னால், எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, கருநிலை மருத்துவம் படித்தவரிடம் ஒரு முறை காட்டுங்கள்.