பிரிஸ்டலுக்குப் போன 334 பெண்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு மாற்று சிகிச்சை பக்கம் போன பெண்களுக்கு நோய் இன்னும் மோசமாகிறது. 1990 செப்டம்பரில் இங்கிலாந்தின் டிவியும் பேப்பரும் சொன்ன சேதி இது. ஆதாரம், 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு.

அடி வாங்கியது பிரிஸ்டல் நகரத்துப் புற்றுநோய் உதவி மையம். மார்பகப் புற்றுநோய் வந்த பென்னி ப்ரோன், தோழி பேட் பில்கிங்டனோடு சேர்ந்து 1980-ல் தொடங்கியது. பச்சைக் காய்கறி, கேரட் ஜூஸ், வைட்டமின், தியானம், மனசுவிட்டுப் பேச ஒரு ஆள். அங்கே போனவர்களில் பெரும்பாலானோர் ஆஸ்பத்திரி வைத்தியத்தையும் விட்டுவிடவில்லை.

மையத்துக்குப் போன 334 பெண்களை, போகாத 461 பெண்களோடு ஒப்பிட்டார்கள். ஆரம்பத்தில் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவாமல் இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலும், பிரிஸ்டல் பெண்களுக்கு அது பரவிய விகிதம் 2.85 மடங்கு!

சரி, அவ்வளவு தூரம் பிரிஸ்டலுக்கு யார் போவாங்க? யோசிச்சுப் பாருங்க. ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும் போதாதுன்னு பயந்தவங்க, உடம்பு ஏற்கெனவே தளர ஆரம்பிச்சவங்க. கேரட் ஜூஸால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் கேரட் ஜூஸைத் தேடிப் போனார்களா? இந்தக் கேள்விக்கு அந்த ஒப்பீட்டில் பதில் கிடையாது. இரண்டே மாதத்தில் ஆய்வாளர்களே அதே இதழில் கடிதம் எழுதி, அந்தப் பெண்களின் நோய் முதலிலேயே தீவிரமாக இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். முதல் செய்திக்குக் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்குமா என்ன! மையத்துக்கு வருவோர் குறைந்து, இழுத்து மூடும் நிலை வரைக்கும் போனது.

எனக்கு உறுத்துவது வேறு. ஆய்வுக்குச் சம்மதித்துக் கேள்வித்தாள் நிரப்பிக் கொடுத்த பெண்கள், தங்களுக்குச் சாவு அதிகம் என்ற முடிவை டிவி பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அவர்களில் ஹெதர் குடேர் உள்ளிட்ட சிலர் குழு சேர்ந்து, அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். நோயையும் சுமந்துகொண்டு வருஷக்கணக்கில் அலைச்சல். 1994-ல் ஆணையம், ஆய்வுக்குப் பணம் கொடுத்த இரண்டு பெரிய புற்றுநோய் அறக்கட்டளைகளையும் கண்டித்தது.

பென்னி ப்ரோன் இறந்தது 1999-ல், நோய் தெரிந்து 20 வருஷம் கழித்து. இதைக் காட்டி 'பாத்தீங்களா, ஜூஸ் ஜெயிச்சிடுச்சு' என்று யாராவது சொன்னால், அதுவும் அதே மாதிரி தப்புக் கணக்குதான். லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை.