வாட்ஸ்அப்பில் சொன்ன உயில் செல்லுமா?

“சயான் வீடு உனக்குத்தான்” என்று அப்பா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கிறாரா? அதை மட்டும் நம்பி இருந்துடாதீங்க.

என்ன தேவை? 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, பொதுவாக உயில் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அதைப் பார்த்த, அல்லது ‘என் கையெழுத்துதான்’ என்று அவர் சொல்லக் கேட்ட 2 பேர் அவர் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும்.

முத்திரைத்தாள்? வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். பதிவும் கட்டாயமில்லை.

முஸ்லிம்களுக்கு? வாய்மொழி உயிலும் செல்லும். வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது.

சொசைட்டியில் நாமினி போட்டாச்சே? அதனால் மட்டும் நாமினி உரிமையாளர் ஆகிவிட மாட்டார்.

வழக்கு வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் சொல்ல வேண்டும். அதனால் அப்பாவைவிட இளையவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாகப் பார்த்துச் சாட்சி வைங்க.