திரும்பி வராத இளவரசன்

பொறாமைக்குச் சாட்சி, ஆதாரம் எதுவும் தேவையில்லை. ஒரு சிரிப்பு போதும். மிச்சத்தை அதுவே ஜோடித்துக்கொள்ளும்! சிசிலி மன்னன் லியான்டீஸுக்கு நடந்தது அதுதான்.

ஷேக்ஸ்பியர் தன் கடைசிக் காலத்தில் எழுதிய 'தி விண்டர்ஸ் டேல்' நாடகத்தின் மன்னன் இவன். பால்ய நண்பனான பொஹீமியா மன்னன் பாலிக்ஸெனிஸ், ஒன்பது மாதம் விருந்தாளியாக இருந்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிறான். 'இன்னும் கொஞ்ச நாள் இரேன்' என்று லியான்டீஸ் கெஞ்சியும் மசியவில்லை. 'நீயாவது சொல்லேன்' என்கிறான், கர்ப்பிணியான ராணி ஹெர்மயனியிடம். அவள் சொல்கிறாள். நண்பன் சம்மதித்துவிடுகிறான். அவ்வளவுதான்... நான் சொல்லிக் கேட்காதவன், இவள் சொன்னதும் கேட்கிறானே, எப்படி?

ராணிக்குச் சிறை. அங்கேயே பெண் குழந்தை பிறக்கிறது. 'அது என் குழந்தை இல்லை, எங்காவது கண்காணாத இடத்தில் போட்டுவிடு' என்று உத்தரவு. 'ராணி குற்றமற்றவள்' என்று அப்போலோ கோயிலிலிருந்து அருள்வாக்கே வருகிறது. 'பொய்!' என்று கத்துகிறான் மன்னன். உடனே அடுத்த சேதி: தாயை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்த சின்ன மகன் மாமிலியஸ் இறந்துவிட்டான். ராணி மயங்கிச் சரிகிறாள். சற்று நேரத்தில், அவளும் போய்விட்டாள் என்கிறார்கள்.

இது ஷேக்ஸ்பியரின் சொந்தக் கதை அல்ல. 1588-ல் ராபர்ட் கிரீன் எழுதிய 'பண்டோஸ்டோ' என்ற நூலிலிருந்து எடுத்தது. 1592-ல் கிரீன் இறந்தபிறகு, அவர் பெயரில் வந்த பிரசுரம் ஒன்று ஷேக்ஸ்பியரை 'இரவல் இறகில் மினுக்கும் காக்கை' என்கிற ரீதியில் திட்டியிருந்தது. அப்படித் திட்டியவரின் கதையையே பதினெட்டு வருஷம் கழித்து எடுத்துக்கொண்டு, முடிவை மாற்றினார் ஷேக்ஸ்பியர். கிரீனின் கதையில் ராணி நிஜமாகவே இறந்துபோகிறாள். மன்னன் கடைசியில் தற்கொலை செய்துகொள்கிறான்.

ஷேக்ஸ்பியர் இருவரையும் சாகவிடவில்லை. பதினாறு வருஷம் கழித்து, தொலைந்த மகள் பெர்டிட்டா கிடைக்கிறாள். ராணியின் தோழி பாலினா ஒரு சிலையைக் காட்டுகிறாள். அச்சு அசலாக ஹெர்மயனி! 'அவளுக்கு இத்தனை சுருக்கம் கிடையாதே' என்கிறான் மன்னன். சிலை அசைகிறது, இறங்கி வருகிறது. இத்தனை நாளும் மறைந்து வாழ்ந்த ராணியேதான்.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். ஹெர்மயனி கணவனைத் தழுவிக்கொள்கிறாள். ஆனால், வாய் திறந்து பேசுவது மகளிடம் மட்டும்தான். பதினாறு வருஷம் அழுத கணவனிடம் ஒரு வார்த்தை கிடையாது. மன்னித்துவிட்டாள், சரி. அந்தச் சுருக்கங்களை யார் அழிப்பது? மாமிலியஸ் வரவே இல்லை. ராணியையே உயிரோடு கொண்டுவந்த ஷேக்ஸ்பியர் நினைத்திருந்தால் அவனையும் எழுப்பியிருக்கலாம். செய்யவில்லை. 1596-ல் தன் ஒரே மகன் ஹாம்னெட்டைப் பதினோரு வயதில் புதைத்தவர் அவர்.

இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் திருமணம் 1613 பிப்ரவரி 14 அன்று நடந்தது. அதையொட்டி அரண்மனையில் நடந்த நாடகங்களில் இதுவும் ஒன்று. மூன்று மாதம் முன்புதான், 1612 நவம்பரில், அவளுடைய அண்ணன் இளவரசர் ஹென்றி பதினெட்டு வயதில் காய்ச்சலில் இறந்திருந்தார். மேடையில் ஓர் இளவரசி அம்மாவோடும் அப்பாவோடும் சேர்கிறாள், அவளுக்கும் கல்யாணம் கூடி வருகிறது. அவளுடைய அண்ணன் மட்டும் இல்லை.

பார்த்துக்கொண்டிருந்த எலிசபெத்துக்கு அதை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.