சென்னைத் தொலைக்காட்சியின் மாலைப்பொழுதுகள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. தில்லியில் 1959-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய தொலைக்காட்சி, தமிழகம் வந்துசேரப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1976 ஏப்ரல் 1 அன்று வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் தனி அமைப்பானது.

தொடக்க ஆண்டுகளில் ஒளிபரப்பு மாலையில் சில மணி நேரமே. படம் கறுப்பு வெள்ளை. சென்னையில் தயாரான டயனோரா, சாலிடேர் பெட்டிகள் கதவு வைத்த மரக்கூட்டுக்குள் இருக்கும். பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுகளில்தான் பெட்டி இருந்தது. எனவே அந்தக் காலத்துக் குடும்பத் தொலைக்காட்சி என்பது உண்மையில் தெருத் தொலைக்காட்சி. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடத்தில் தரையில் உட்காருவார்கள், பெரியவர்கள் சன்னலோரம் நிற்பார்கள். அந்த நெருக்கத்தைப் போற்றுவோர் ஒன்றை மறக்கக் கூடாது: யார் உள்ளே வரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதை வீட்டுக்காரரின் மனமும், பல இடங்களில் சாதியும் முடிவு செய்தன. ஊராட்சிகள் வைத்த பொதுப் பெட்டிகளுக்கு மதிப்பு கூடியது அதனால்தான்.

உழவர்களுக்கு 'வயலும் வாழ்வும்', நேயர் கடிதங்களுக்கு 'எதிரொலி', இவற்றோடு நாடகம், கர்நாடக இசை, செய்தி என்று மாலை நகரும். ஷோபனா ரவி செய்தி வாசித்த தமிழ், உச்சரிப்புக்கு முன்மாதிரியாகப் பேசப்பட்டது. ஆனால் கூட்டத்தைக் கட்டிப்போட்டவை இரண்டு: வெள்ளிக்கிழமை திரைப்பாடல்களைத் தந்த 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலைத் திரைப்படம். வெள்ளிக்கிழமை சமையல் அதற்கு முன்பே முடிந்துவிடும். நடுவில் படம் நின்று 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை வந்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். புள்ளி புள்ளியாக இரைந்தால் ஒருவர் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்புவார். கீழிருந்து 'இப்பத் தெரியுது, அப்படியே விடு' என்று குரல் போகும்.

இந்த மாலை எல்லாத் தமிழருக்கும் ஒரே நாளில் வாய்க்கவில்லை. சென்னை அலைவரிசை எட்டாத தென்மாவட்டக் கடலோரத்தில், 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியை உயரமான ஆன்டெனா கட்டிப் பார்த்தார்கள். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகே சென்னை நிகழ்ச்சிகள் தெற்கில் பரவலாகத் தெரிந்தன.

1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் வந்தது. தேசிய ஒளிபரப்பும் அதே ஆண்டில் தொடங்கியதால், இரவு எட்டரைக்கு மேல் இந்தியும் ஆங்கிலமும் திரையைப் பிடித்துக்கொண்டன. தமிழ் நிகழ்ச்சிகள் முடிந்ததும் பல வீடுகளில் பெட்டியின் கதவு சாத்தப்பட்டது. இதை மொழி வெறுப்பாகச் சுருக்குவது தவறு. புரியாத நிகழ்ச்சிக்காகக் குடும்பம் விழித்திருக்க முடியாது. தமிழில் கூடுதல் நேரம் வேண்டும் என்ற அந்த ஏக்கத்தைத் தூர்தர்ஷன் போதிய அளவு மதிக்கவில்லை. 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் தொலைக்காட்சி, அந்த நேயர்களை வெகு விரைவில் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.