எடை குறைக்க யார் துணை?

பத்து காவான் மாநில விளையாட்டரங்கு 2000ஆம் ஆண்டு சுக்மா போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. சுமார் 40,000 பேர் அமரலாம். அப்போது அதைச் சுற்றிப் பெரும்பாலும் தோட்ட நிலம்தான். 2014இல் பினாங்கின் இரண்டாவது பாலம் இங்கே கரையேறியது. அதன் பின் தொழிற்சாலைகளும் பேரங்காடிகளும் அடுக்குமாடி வீடுகளும் வந்தன.

தோட்டப்புறத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகள் திடலில் கூடுவார்கள். பந்து ஒன்று இருந்தால் போதும். அதற்கு யாரும் உடற்பயிற்சி என்று பெயர் வைத்ததில்லை. தோட்ட வாழ்க்கையில் வறுமையும் இருந்தது. அதைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. ஆனால் கூட்டாளிகள் இருந்தார்கள். இன்று மாடி வீட்டுப் பிள்ளை பள்ளிக்குக் காரில் போய்க் காரில் திரும்புகிறான், பிறகு கைப்பேசி.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 5 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 15.0 விழுக்காட்டினர் அதிக எடை கொண்டவர்கள், மேலும் 14.8 விழுக்காட்டினருக்கு உடற்பருமன். பெரியவர்களில் இந்தியர்களின் நிலை மற்ற இனத்தாரைவிட மோசம்: 63.9 விழுக்காடு. பிள்ளையைக் குறை சொல்லும் முன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடையைக் குறைக்கும் ஓர் இளைஞனுக்குத் துணை தேவையா? இந்தக் கேள்விக்குப் பழைய வரலாறு உண்டு.

1948இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்ற பெண்மணி சில தோழியரைத் தம் வீட்டுச் சமையலறையில் கூட்டி, எடை குறைப்புக் குழு ஒன்றைத் தொடங்கினார். 1961இல் நியூயார்க்கில் ஜீன் நிடெச் என்ற இல்லத்தரசிக்கு வேறொரு சிக்கல். அரசு மருந்தகம் கொடுத்த உணவுமுறை கையில் இருந்தது. ஆனால் ஒளித்து வைத்து பிஸ்கட் தின்பதை அவரால் நிறுத்த முடியவில்லை. ஆறு தோழியரை வீட்டுக்கு அழைத்து அதை ஒப்புக்கொண்டார். அவர்களும் தங்கள் கள்ளத் தீனியைச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1963இல் ‘வெயிட் வாட்சர்ஸ்’ நிறுவனம் பிறந்தது. உணவுமுறை புதிதல்ல, வெட்கமின்றிப் பேச ஓர் இடம் கிடைத்ததுதான் புதிது.

பதின்ம வயதினரின் கதை சற்று வேறு. சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோரே முக்கியம். லெனர்ட் எப்ஸ்டைன் குழுவினர் 1990இல் வெளியிட்ட பத்தாண்டுத் தொடராய்வில், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே மாறிய குடும்பங்களில் பலன் நீண்ட காலம் நின்றது. வயது ஏற ஏறப் பெற்றோர் சொல்லின் எடை குறைகிறது, நண்பன் சொல்லின் எடை கூடுகிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசா ஜெலாலியன் இதைச் சோதித்தார். 13 முதல் 16 வயதுள்ள 76 பேர் இரு பிரிவானார்கள். இரு பிரிவுக்கும் ஒரே ஆலோசனை. ஒரு பிரிவு வழக்கமான உடற்பயிற்சி செய்தது. மற்றது ஒருவரை ஒருவர் நம்பினால் மட்டுமே முடிக்கக்கூடிய கூட்டுச் சவால்களில் ஈடுபட்டது. 2006இல் வெளிவந்த முடிவில் சராசரி எடைக் குறைவில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் பத்து மாதம் கழித்து, குறைந்தது 4.5 கிலோ குறைத்து அதைத் தக்கவைத்தவர்கள் முதல் பிரிவில் 12 விழுக்காடு, கூட்டுச் சவால் பிரிவில் 35 விழுக்காடு. 2010இல் வெளியான இன்னும் பெரிய ஆய்வில் இந்த வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நண்பர் துணை மந்திரக்கோல் அல்ல.

துணை எதிர்த்திசையிலும் இழுக்கும். பள்ளி விட்டதும் நாலு பேர் ரொட்டி சானாய்க் கடைக்குள் நுழையும்போது, ஒருவன் மட்டும் வெறும் தண்ணீர் கேட்பது எளிதா?

இதில் மலேசியர்கள் கூர்ந்து படிக்க வேண்டிய பாடம் பக்கத்து நாட்டில் இருக்கிறது. சிங்கப்பூர் 1992இல் பள்ளிகளில் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. எடை கூடிய மாணவர்கள் தனியே பிரிக்கப்பட்டுக் கூடுதல் பயிற்சி செய்தார்கள். பல பள்ளிகளில் அது ஓய்வு நேரத்திலேயே நடந்தது. சிற்றுண்டிச்சாலையில் மற்றவர்கள் சாப்பிட, இவர்கள் திடலில் ஓடினார்கள். புள்ளிவிவரத்தில் பருமன் விகிதம் இறங்கவே செய்தது. ஆனால் திட்டப் பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் ‘ஃபேட்’, அதாவது குண்டு, என்று வரும். மாணவர்கள் அதைக் கண்டுபிடிக்க வெகுநாள் ஆகவில்லை. கேலி, மனக்காயம், உணவுக் கோளாறு பற்றிய கவலைகள் வலுத்தன. 2007இல் திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்களுக்குமான முழுநலத் திட்டம் வந்தது. அங்கே ஓடியவர்களும் ஒரு குழுதான். எதற்கு உள்ளே இருக்கிறோம் என்பது பார்ப்பவர் அனைவருக்கும் தெரிந்த குழு. அவர்களில் எவரும் விரும்பிச் சேரவில்லை. நிடெச்சின் வரவேற்பறைக்கும் அந்தத் திடலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மலேசியப் பள்ளிகளில் 2008 முதல் ‘செகாக்’ உடற்தகுதிச் சோதனை நடைபெறுகிறது. பலகையில் ஏறி இறங்குதல், தண்டால் எல்லாம் அனைவருக்கும் பொது. பின்னர், அதிக எடை கொண்ட மாணவர்களுக்கென்றே ‘மைபிஎஃப்எஃப்’ என்ற ஆய்வுத் திட்டம் கோலாலம்பூர், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் பள்ளிகளில் நடத்தப்பட்டது. உணவுக் கல்வி, மனநல ஆலோசனை, சிறு குழு விளையாட்டு ஆகிய மூன்றும் அதில் உண்டு. ‘பிஎஃப்எஃப்’ என்பது இளையோர் பேச்சில் உயிர்த்தோழரைக் குறிக்கும் சொல். பெயர் வைத்தவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

பத்து காவான் பெற்றோர் இதற்காகப் புதிய அரங்கம் கேட்டு மனுப்போட வேண்டியதில்லை. மாலையில் பிள்ளையோடு நடக்க, எடை கூடாத நண்பர்களும் வரட்டும். அப்போது அது வெறும் நடை, சிகிச்சை அல்ல. பள்ளியில் எடை பார்க்கும் நாளில் எண்ணை உரக்க வாசிக்காமல் தாளில் குறித்துக்கொள்ளலாம். பின்னால் வரிசையில் முப்பது பேர் நிற்கிறார்கள்.