கருவூலப் பணத்தின் மீது ஆணை யாருக்கு?

சட்டம் ஓர் அலுவலரிடம் ஒப்படைத்த முடிவை, அவரை நியமிக்கவும் நீக்கவும் வல்ல குடியரசுத் தலைவர் தம் வசமாக்கிக்கொள்ளலாமா என்ற கேள்வி, 1833 செப்டம்பரில் கருவூலச் செயலர் வில்லியம் டுவேன் பதவிநீக்கம் செய்யப்பட்டபோது அமெரிக்க அரசியலை உலுக்கியது.

1816-இல் காங்கிரஸ் இருபது ஆண்டுக்கால உரிமப் பட்டயம் அளித்து நிறுவிய அமெரிக்காவின் இரண்டாம் வங்கி, ஃபிலடெல்ஃபியாவைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் மூலதனமான 3.5 கோடி டாலரில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே அரசுடையது என்றாலும், நடுவண் அரசின் வருவாய் அங்கேதான் செலுத்தப்பட்டது. அந்தப் பட்டயத்தைப் புதுப்பிக்கும் மசோதாவை 1832 ஜூலையில் வீட்டோ எனப்படும் மறுப்பதிகாரத்தால் தடுத்த ஆண்ட்ரூ ஜாக்சன், அவ்வாண்டுத் தேர்தலிலும் வென்றபின், 1836-இல் பட்டயம் தானே காலாவதியாகும்வரை பொறுத்திருக்க விரும்பவில்லை. அரசுப் பணத்தின் வலிமையைக் கொண்டே வங்கித் தலைவர் நிக்கலஸ் பிடில் காங்கிரஸைத் தம் பக்கம் இழுத்துவிடுவார் என்று அஞ்சிய அவர், அந்தப் பணத்தை உடனே மாநில வங்கிகளுக்கு மாற்றத் திட்டமிட்டார்.

ஆனால் அந்தப் பணத்தை வேறிடத்தில் செலுத்துமாறு ஆணையிடும் அதிகாரத்தை 1816-ஆம் ஆண்டுச் சட்டம் கருவூலச் செயலருக்கே அளித்து, அதற்கான காரணங்களை அவர் காங்கிரஸின் முன் வைக்க வேண்டும் என்றும் விதித்திருந்தது. இது தற்செயலான வாசகமன்று. 1789-இல் துறைகள் உருவாக்கப்பட்டபோதே, வெளியுறவு, போர்த் துறைகளின் செயலர்கள் குடியரசுத் தலைவரின் அறிவுறுத்தலுக்கு உட்பட்டவர்களாக்கப்பட, பணப்பை மக்கள் பிரதிநிதிகளுடையது என்ற கருத்தினால் கருவூலச் செயலர் காங்கிரஸுக்கு அறிக்கை தரக் கடமைப்பட்டவராகத் தனித்து வைக்கப்பட்டார்.

முந்தைய செயலர் லூயிஸ் மெக்லேன் இத்திட்டத்துக்கு உடன்படாத நிலையில் வெளியுறவுத் துறைக்கு மாற்றப்பட, 1833 ஜூனில் டுவேன் பொறுப்பேற்றார். ஃபிலடெல்ஃபியா வழக்கறிஞரான அவர் இந்த வங்கியை எதிர்த்தவர் என்பதே அவருடைய மறுப்புக்குத் தனி எடையைத் தருகிறது. வைப்புப் பணம் பாதுகாப்பாகவே இருக்கிறது என்று கீழவை அவ்வாண்டு மார்ச்சில்தான் 109-க்கு 46 என்ற வாக்குகளில் தீர்மானித்திருந்தது. டிசம்பரில் காங்கிரஸ் மீண்டும் கூடவிருந்தது. எனவே விசாரணை ஏதுமின்றி அரசுப் பணத்தை மாநில வங்கிகளுக்கு மாற்றத் தேவை எழவில்லை என்று அவர் வாதிட்டார். உடன்பட இயலாவிடில் விலகுவதாக ஜூலையில் எழுதிக்கொடுத்திருந்தவர், இறுதியில் ஆணையிடவும் விலகவும் மறுத்ததால், செப்டம்பர் 23 அன்று நீக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்த ரோஜர் டானி சில நாட்களிலேயே ஆணை பிறப்பித்தார். அக்டோபர் 1 முதல் புதிய வருவாய் மாநில வங்கிகளுக்குச் சென்றது.

மக்கள் அனைவராலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தாம் ஒருவரே என்பதால் நிர்வாகத்தின் முழுப் பொறுப்பும் தம்முடையதே என்ற ஜாக்சனின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எவருக்கும் பதில் சொல்லாத செயலர் குடியாட்சிக்கு உகந்தவரல்லர். எனினும், டுவேன் காங்கிரஸுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகவே இருந்தார். தேவையான கையொப்பம் கிடைக்கும்வரை ஆளை மாற்றுவது, காரணம் காட்ட வேண்டும் என்ற சட்டத்தின் நிபந்தனையை வெறும் சடங்காக்கிவிட்டது. 1834 மார்ச்சில் மேலவை 26-க்கு 20 என்ற வாக்குகளில் ஜாக்சனைக் கண்டித்தது. ஜூனில் டானியின் நியமனத்தையும் நிராகரித்தது. பணமோ திரும்பவில்லை. பிடில் கடன்களைச் சுருக்கி வணிகர்களை நெருக்கியது வங்கியின் மீதிருந்த பரிவையும் குறைத்தது. கண்டனத் தீர்மானத்தையே 1837 ஜனவரியில் மேலவை தன் குறிப்பேட்டிலிருந்து நீக்கியது.

அவ்வாண்டு மே மாதம் நியூயார்க் வங்கிகள் தாள்களுக்கு நாணயம் தருவதை நிறுத்திய நெருக்கடிக்கு இந்த இடமாற்றமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பிரிட்டனில் கடன் இறுகியது போன்ற வெளிக் காரணங்களைப் பின்வந்த பொருளாதார வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியபின், அக்கருத்து வலுவிழந்தது.

அதிகாரம் பற்றிய கேள்வி மட்டும் நீடித்தது. 1926-இல் மையர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட ஓர் அலுவலரின் தற்றுணிபுக்கே, அதாவது அவருடைய சொந்த முடிவுக்கே, சட்டம் விட்டுவைத்த கடமைகளில் குடியரசுத் தலைவர் குறுக்கிடலாமா என்பது கேள்விக்குரியதாகலாம் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தத் தற்றுணிபை அவர் பயன்படுத்திய விதம் சரியன்று என்று கருதினால், அதையே காரணமாக்கி அவரைப் பின்னர் நீக்கலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது.