கோடை விடுமுறையும் ஓவியக் கல்வியும்

பத்து நாளில் ஓவியம் கற்றுக்கொள்ள முடியுமா? கோடை விடுமுறை தொடங்கியதும் இவ்வினா பல இல்லங்களில் எழுகின்றது. பள்ளிக் கூடத்திலும், நூலகத்திலும், சிறுவர் மன்றத்திலும் ஓவியப் பயிற்சி முகாம்கள் நடைபெறுகின்றன. பிள்ளைகள் தாளும் வண்ணப் பெட்டியும் ஏந்திச் செல்கின்றனர். பத்து நாள் கழிந்ததும் ஒரு சான்றிதழோடு திரும்புகின்றனர். இதனால் பயன் உண்டா, இது வெறும் பொழுதுபோக்கா என்று பெற்றோர் கேட்கின்றனர். கேள்வி சிறியது, ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தால் தமிழ்நாட்டு ஓவியக் கல்வியின் வரலாற்றையே ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கின்றது. மாணவ நண்பர்களே, அந்த வரலாற்றைத் தருமபுரி மாவட்டத்தில் நின்றுகொண்டு பார்ப்போம் என்று உங்களை அழைக்கின்றேன். தருமபுரியைத் தேர்ந்தெடுத்த காரணம் போகப் போக விளங்கும்.

ஓவியரைப் பழந்தமிழர் 'கண்ணுள் வினைஞர்' என்று அழைத்தனர். மதுரைக்காஞ்சியிலும் சிலப்பதிகாரத்திலும் இப்பெயர் வருகின்றது. காண்பவர் கண்ணிலே தம் தொழிலை நிறுத்துபவர் என்று உரையாசிரியர் இதற்குப் பொருள் கூறினர். வண்ணம் தீட்டாமல் கோட்டினால் மட்டும் வரைந்த உருவத்திற்குப் 'புனையா ஓவியம்' என்று பெயர். பிற்கால ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, ஓவியம் கையின் பழக்கத்தால் வருவது என்று கூறுகின்றது. ஆகவே ஓவியத்தில் கண்ணுக்கும் வேலை உண்டு. கைக்கும் வேலை உண்டு. இவ்விரண்டனுள் கையின் பழக்கம் பல்லாண்டு கேட்பது. அக்காலத்துச் சிற்பியும் ஓவியனும் தந்தையிடமோ குருவிடமோ இளமை முதல் இருந்து, வண்ணம் அரைத்து, சுவர் பூசி, கோடு இழுத்து, மெல்ல மெல்லத் தேர்ந்தனர். அங்கே பத்து நாள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அந்நாளில் ஓவியம் கற்பிப்பதன் நோக்கம் பெரும்பாலும் தொழில் வளர்ச்சியே. நேர்கோடும் வளைகோடும் பிழையின்றி இழுக்கவும், பொருள்களின் உருவத்தை அளந்து வரையவும் மாணவர் பழகினர். 1884-இல் அப்பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஹேவல், சென்னை மாகாணத்தின் கைத்தொழில்களை ஆராய்ந்து, இந்நாட்டுக் கலைமரபின் பக்கம் கவனத்தைத் திருப்பினார். பின்னர் அப்பள்ளியை 1957 வரை நடத்திய தேவிபிரசாத் ராய் சௌத்ரியைச் சென்னை மெரீனாக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையைக் கண்டவர் எவரும் மறவார். அவருக்குப் பின் வந்த கே. சி. எஸ். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்.

இவ்வளவும் சென்னையில் நடந்தவை. ஊர்ப்புறப் பள்ளிகளுக்கு ஓவியம் எவ்வாறு சென்றது? அரசு நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளின் வழியாகச் சென்றது. ஓவியத்தில் இளநிலை, முதுநிலை என இரு தேர்வுகள். அவற்றில் தேறியோர் ஆசிரியராக விரும்பினால் தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சி பெற வேண்டும். இங்கேதான் கோடை வருகின்றது. பள்ளிகள் மூடியிருக்கும் கோடை விடுமுறையில், 42 நாட்களில், இப்பயிற்சி நடத்தப்பட்டு வந்திருக்கின்றது. ஓவியம், தையல், இசை முதலிய பாடங்களின் ஆசிரியர்கள் பலர் இவ்வழியே உருவானவர்கள். உங்கள் கையில் முதன்முதலில் வண்ணத்தூரிகையைக் கொடுத்த ஆசிரியரும் ஒரு கோடைப் பயிற்சியின் மாணவராக இருந்திருக்கக் கூடும். கோடைப் பயிற்சியை விளையாட்டென்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

மேலை நாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. அமெரிக்க ஓவியர் வில்லியம் மெரிட் சேஸ், 1891 முதல் 1902 வரை, நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஷின்னகாக் குன்றுகளில் ஒரு கோடைக்கால ஓவியப்பள்ளி நடத்தினார். அங்கே வகுப்பறை வானத்தின் கீழே இருந்தது. ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாளே கற்பித்தார். எஞ்சிய நாட்களில் மாணவர் மணல்மேட்டிலும் கடற்கரையிலும் அமர்ந்து தாமே வரைந்தனர். வியன்னா நகரில் பிரான்ஸ் சிசெக் என்பவர் 1897-இல் சிறுவர்களுக்கென்றே ஓவிய வகுப்பு தொடங்கினார். பெரியவரின் படத்தைப் பார்த்து எழுதுவதைவிடத் தாம் கண்டதையும் எண்ணியதையும் குழந்தைகள் வரைய வேண்டும் என்பது அவர் கொள்கை. இவ்விருவர் வழியையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். குறுகிய காலத்தில் ஆசிரியர் கொடுக்கக் கூடியது கைத்திறன் அன்று, பார்க்கும் முறையே. கைக்கு ஆண்டுகள் வேண்டும். கண்ணைத் திறந்துவிடச் சில நாட்கள் போதும்.

இனித் தருமபுரிக்கு வருவோம். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. 1965-இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது. அரசின் கவின்கலைக் கல்லூரிகள் இருப்பவை சென்னையிலும் கும்பகோணத்திலும். பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ வாழும் ஒரு மாணவிக்கு இவ்விரண்டும் தொலைவானவை. 2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது, அவர்களுக்கு வகுத்த பணி வாரத்திற்கு மூன்று அரைநாட்கள். அந்நேரத்தையும் பல வகுப்புகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆதலின், இடையறாமல் பத்து நாள் ஓவியத்தோடு இருக்கும் வாய்ப்பு, பல பிள்ளைகளுக்குக் கோடை முகாமில் மட்டுமே கிடைக்கின்றது.

கல்லூரி இல்லாத இம்மாவட்டத்தில் ஓவியப் பாடநூல்கள் மட்டும் ஏராளம். அவை கல்லில் இருக்கின்றன. போரிலும் ஆநிரை மீட்பதிலும் உயிர் துறந்த வீரர்க்கு எடுத்த நடுகற்கள் இப்பகுதியெங்கும் காணப்படுகின்றன. அவற்றுட் பல பல்லவர் காலத்தவை; வட்டெழுத்துப் பொறித்தவை. தருமபுரி நகரத்து அகழ்வைப்பகத்தில் நடுகற்களை ஒருங்கே காணலாம். அருகிலுள்ள அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயிலின் மண்டப விதானத்தில் இதிகாசக் காட்சிகள் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. முன்பு தருமபுரி மாவட்டத்தில் இருந்து இன்று கிருஷ்ணகிரியில் சேர்ந்துள்ள மல்லபாடியில், குதிரைமேல் அமர்ந்த மனித உருவங்களைப் பாறையில் வெண்ணிறத்தில் தீட்டியிருக்கின்றனர். பாறை, கல், விதானம் என்று மூன்று காலத்து ஓவியக்கலை ஒரு நாள் பயணத்திற்குள் அடங்கிவிடுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்தில் நடந்த ஒரு கோடை முகாமை நான் உடனிருந்து கண்டேன். முதல் நாள் ஆசிரியர், "ஒரு வீரனை வரையுங்கள்" என்றார். முப்பது பிள்ளைகளும் வரைந்தனர். முப்பது வீரர்களும் திரைப்படச் சுவரொட்டியில் நிற்பவர்களே. அகன்ற மார்பு, முறுக்கிய மீசை, உயர்த்திய வாள். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர்களை நடுகற்களின் முன் அமர்த்தினார். அழிப்பான் கொண்டுவரக் கூடாது, ஒரு கல்லுக்கு ஒரு மணி நேரம், பேசக் கூடாது. இவையே கட்டளைகள்.

முதற் கால்மணி நேரத்தில் பலர் வரைந்து முடித்துவிட்டனர். "இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது" என்றார் ஆசிரியர். வேறு வழியின்றிப் பிள்ளைகள் மீண்டும் கல்லைப் பார்த்தனர். அப்பொழுதுதான் கண் வேலை செய்யத் தொடங்கிற்று. வீரனின் கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதை ஒருவன் கண்டான். காலருகே சிறு கலங்கள் இருப்பதை மற்றொருவன் கண்டான். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, இவர் மேல அம்பு தைச்சிருக்கு. ஆனா இவர் இன்னும் முன்னாலதான் போறாரு" என்றாள். அந்தக் கல்லை நான் அதற்கு முன் பலமுறை பார்த்தவன். கல்வெட்டைப் படித்தேன்; காலத்தைக் குறித்தேன். முன்வைத்த அந்தக் காலை அவள் விரல்தான் எனக்குக் காட்டிற்று.

நடுகல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு துறைகளாக வகுக்கின்றது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது முதல் துறை; அதற்குக் காட்சி என்று பெயர். உளி எடுப்பதற்கு முன்னே காட்சி வருகின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். அப்பிள்ளைகள் அன்று கற்றதும் அந்த முதல் துறையையே.

முகாமின் பிற்பகுதியில் அவர்கள் கற்றவை எளியவை. எழுதுகோலைக் கைநீட்டிப் பிடித்துக் கட்டைவிரலால் அளந்து, தலை ஒரு பங்கானால் உடல் எத்தனை பங்கு என்று கணக்கிட்டனர். புடைப்பு குறைந்த சிற்பத்தை உச்சி வெயிலில் பார்த்தால் தட்டையாகத் தோன்றும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் ஒளியில் ஒவ்வொரு கோடும் நிழலோடு எழுந்து நிற்கும் என்று அறிந்தனர். காவிக்கல்லை அரைத்துச் சிவப்பும், சுண்ணாம்பால் வெண்மையும், அடுப்புக்கரியால் கருமையும் செய்துகொண்டனர். விலையுயர்ந்த வண்ணப் பெட்டி இல்லையே என்று எவரும் வருந்த வேண்டுவதில்லை. 1938-இல் ஹரிபுரா காங்கிரசுக்காகக் காந்தியடிகளின் விருப்பப்படி நந்தலால் போஸும் அவர் குழுவினரும் ஆக்கிய ஏறத்தாழ நானூறு சித்திரங்கள், கையால் செய்த தாளில் மண்வண்ணங்களால் தீட்டப்பட்டவை. உழவரும், கொல்லரும், முழவு கொட்டுவோரும் அவற்றில் உயிரோடு நிற்கின்றனர்.

இந்தப் பார்வை ஏன் இன்றியமையாதது? கவின்கலைக் கல்லூரியில் இடம் பெறுவதற்கு மட்டும் அன்று. நடுகற்களுள் அகழ்வைப்பகம் சேர்ந்தவை சில. வயல் வரப்பிலும், புதரிலும், ஏரிக்கரையிலும் நிற்பவை பல. எழுத்தும் உருவமும் தெரியாதவர்க்கு அது வெறுங்கல். துவைக்கும் கல்லாகலாம், வேலிக்கு முட்டுக் கொடுக்கலாம், பாறை உடைக்கும் இடத்தில் சல்லியாகிப் போகலாம். பாறை ஓவியமோ இன்னும் மெலிந்தது. அதன்மேல் ஒருவன் தன் பெயரைச் சாயத்தால் எழுதிவிட்டால், ஆயிரமாண்டுக்கு மேல் நின்ற கோடு ஒரு நொடியில் மறைந்துவிடும். காவலர் எத்தனை பேரை நிறுத்த முடியும்? ஒரு மணி நேரம் அமர்ந்து ஒரு கல்லை வரைந்த பிள்ளை அந்தக் கல்லை உடைக்க விடாது. அண்டையிலுள்ள செங்கம் பகுதியில், எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று வீரனோடு அவனது நாயையும் காட்டுகின்றது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். கள்வரைக் கடித்த ஒரு நாயின் பெயர் பதின்மூன்று நூற்றாண்டு கடந்து நமக்குத் தெரிகின்றதென்றால், அதனை ஒருவர் கல்லில் வரைந்து வைத்ததும், பின்னொருவர் நின்று பார்த்ததுமே காரணம்.

எனவே முதற் கேள்விக்கு விடை கூறலாம். பத்து நாளில் ஓவியராக முடியாது. அவ்வாறு வாக்களிக்கும் முகாமை நம்ப வேண்டாம். பட்டியலிட்ட படங்களைப் பார்த்து எழுதி, பரிசு வாங்கித் திரும்பும் முகாமினாலும் பயன் சிறிதே. ஆனால், நாள்தோறும் கடந்து செல்லும் பொருளை முதன்முறையாகப் பார்க்கச் செய்யும் முகாம் வாழ்நாள் முழுவதற்கும் துணையாகும். அதன்பின் கைப்பழக்கம் உங்கள் பொறுப்பு. நாளுக்கு அரைமணி நேரம் போதும். ஒரு பழைய கணக்கு நோட்டும் ஒரு எழுதுகோலும் போதும். வீட்டு முற்றத்துக் கோலத்தை வரையுங்கள். சந்தையில் நிற்கும் மாட்டை வரையுங்கள். ஊர் எல்லையில் பெயரறியாது நிற்கும் கல்லை வரையுங்கள். வரைந்த தாளின் அடியில் ஊரும் நாளும் குறியுங்கள். எழுத்துள்ள கல்லைக் கண்டால், அதனைத் துடைக்கவோ சுண்ணாம்பு பூசவோ முற்படாமல், ஆசிரியரிடமும் தொல்லியல் துறையிடமும் தெரிவியுங்கள். தகடூர் நாட்டின் அடுத்த நடுகல்லை உலகுக்குக் காட்டுவது உங்கள் நோட்டுப் புத்தகமாக இருக்கட்டும்.